ரெண்டு சிக்னல் தூரம்

1

சனிக்கிழமை தபாலில் எங்கள் ஊர் நீச்சல் குளத்தின் கோடைக்கால அட்டவணை வந்திருந்தது. ஜூன் மாதத்து ஞாயிறுகளில் பயிற்சி மதியம் மூன்று மணிக்கு முடியும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தபால் பெட்டியின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு வருஷம்.

முன்பெல்லாம் மாதம் ஒன்று என்று இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: என் பெயர் பழனிசாமி. தாராபுரம் பக்கம் பிறந்து, கோயமுத்தூரில் படித்து, அங்கேயே ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். இருபத்திரண்டு வருஷமாக அமெரிக்காவின் நடுவாந்திரத்தில், சோளக்காட்டுக்கு மத்தியில் இருக்கும் ஒரு சிறு நகரத்தில் வால்வு வரைந்துகொண்டிருக்கிறேன். இங்கத்துப் பனியைப் பற்றி எழுதினேன், மளிகைக் கடையைப் பற்றி எழுதினேன், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுகிற அழகைப் பற்றிக்கூட எழுதினேன். ஒரு வருஷமாக எதுவும் எழுதவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று இரண்டு மூன்று பேர் ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டேன். அதைச் சொல்லாமல் பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

2

என் மனைவி சுகந்தி அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில் மதுக்கரைக்குப் போயிருந்தாள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மாமியார் இல்லை. சுகந்தி ஒரே மகள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமனாருக்கு ஸ்பூன் பிடிக்கவே ஐந்து மாதம் ஆயிற்று.

வீட்டில் நானும் மகள் இனியாவும். அவளுக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூடம், நீச்சல், கதவைச் சாத்திக்கொண்டு தன் அறை, இவ்வளவுதான் அவள். நான் ஆபீஸ், சமையல், பாத்திரம். இரண்டு பேருக்குச் சமைத்து ஒருவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் வந்தது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வெள்ளிக்கிழமைகளில். பிறகு கிழமை பார்க்கவில்லை.

போன வருஷம் ஜூனில், அந்த ஞாயிறு ஒரு தமிழ்க் குடும்பத்தின் புதுமனை புகுவிழா. ஐயர் போனதும் பெண்கள் உள்ளே, ஆண்கள் கார் ஷெட்டில். பள்ளிபாளையம் சிக்கன் சுடச்சுட வந்துகொண்டே இருந்தது, பாட்டிலும் வந்துகொண்டே இருந்தது. இரண்டரை மணிக்கு, பயிற்சி முடிந்து இனியா வாசலில் நிற்பாளே என்று எழுந்தேன். ஒருத்தர் கேட்டார், "ஏனுங்க பழனி, ஓட்டிருவீங்களா?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதப் போகிறவன் சிரிக்கிற சிரிப்பு.

இங்கே சிவப்பு விளக்கு எரிந்தாலும் வலது பக்கம் திரும்பலாம். ஆனால் வண்டியை முழுசாக நிறுத்திவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் நிறுத்தவில்லை. பின்னால் போலீஸ் வண்டியின் விளக்கு சுழன்றது.

இளவயசுப் போலீஸ்காரர். மரியாதையாகக் கேட்டார், ஏதாவது குடித்திருக்கிறீர்களா என்று.

"டூ பெக்ஸ் ஒன்லி, சார்."

அவருக்குப் புரியவில்லை. பெக் என்றால் என்ன என்று கேட்டார். நான் இரண்டு விரலை மடக்கி, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். இந்த நாட்டில் என் ஒப்புதல் வாக்குமூலம் அந்த இரண்டு விரல்தான்.

கோட்டில் நடக்கச் சொன்னார். குழாயில் ஊதச் சொன்னார். பட்டப்பகலில், நடுரோட்டில், ஒரு சின்னக் குழந்தை பக்கத்துக் கார் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கையைப் பின்னால் கட்டி விலங்கு போட்டார். அங்கிருந்து நீச்சல் குளம் ரெண்டு சிக்னல் தூரம். அதன் நீலக் கூரை தெரிந்தது.

3

ஸ்டேஷனில், என்னைக் கூட்டிப்போக ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். குடிக்காத, பதினெட்டு வயசு தாண்டிய ஒருவர். போனைக் கையில் கொடுத்து நம்பர் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

என் போனில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். விழா வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூப்பிடலாம், ஆனால் அங்கே குடிக்காதவர் யாரும் இல்லை. ஆபீஸில் இருப்பவர்களைக் கூப்பிட்டால் திங்கட்கிழமை முகத்தில் விழிக்க முடியாது. தமிழ்ச் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டால் ஊர் முழுக்கத் தெரியும். பட்டியல் முடிந்து மறுபடி மேலே வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில், வெட்கப்படாமல் கூப்பிட ஒரு ஆளை நான் இந்த ஊரில் சேர்க்கவில்லை.

கடைசியில் இனியாவைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு மணி நேரமாகக் குளத்து வாசலில் ஈரத் தலையோடு நின்றிருந்தாள். அவளுடைய தோழியின் அம்மா, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அந்தப் போலீஸ்காரரிடம், "ஐ வில் கோ அண்ட் கம், சார்," என்று சொல்லிப்போட்டேன். அவர் சிரிக்காமல், தயவுசெய்து திரும்பி வராதீர்கள் என்றார்.

காரில் ஏறியதும் அந்தப் பெண்மணி ரேடியோவைப் போட்டார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இனியாவின் தலைமுடியிலிருந்து குளோரின் வாசனை வந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் அந்த அம்மாவிடம் நன்றி சொன்னாள். எனக்காகவும் சேர்த்துச் சொன்னாள். பிறகு நேராகத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

4

எனக்கு இது முதல் தடவை இல்லை. முதல் தடவை பிடிபட்டது இதுதான்.

கோவையில் இருபத்துநாலு வயசில் நானும் ஆரோக்கியராஜும் ஒரே ரூமில் இருந்தோம். அவன் மாதா கோயில் தெருப் பையன், நான் தாராபுரத்துக் கவுண்டன். ஒரே கம்பெனி, ஒரே மெஸ், என் வண்டி ஒன்றுதான் இருவருக்கும். அவன் தீயணைப்புத் துறைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணி, உடல் தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான். தினம் காலையில் ஓடுவான். மெஸ் அக்கா அவனுக்கு மட்டும் ஒரு முட்டை அதிகம் வைப்பார்.

பாலக்காட்டு ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவன் குடிக்கவில்லை, நான் குடித்திருந்தேன். "மாப்ள, நான் ஓட்டறேன்டா," என்று இரண்டு தடவை கேட்டான். என் வண்டி என்றேன். உக்கடம் குளத்துக் கரை ஓரம் வளைவில் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குக் கணுக்கால் எலும்பு நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று எழுதிக்கொள்ள ஒருவர் வந்தார். அதற்குள் என் பெரியப்பா மகன் யாரையோ பிடித்து, யாரிடமோ பேசி, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நாய் குறுக்கே வந்தது. அப்படிச் சொன்னால் எனக்குக் கேஸ் இல்லை, வண்டிக்கு இன்சூரன்ஸும் கிடைக்கும். நான் சொன்னேன். எழுதிக்கொள்பவர் ஆரோக்கியராஜைப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்தவன் என்னைப் பார்க்காமல், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. நாய்தானுங்க," என்றான்.

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே எல்லாம் முடிந்துபோனது. எனக்கு முடிந்துபோனது. அவனுக்கு ஒரு கால் அரை இஞ்ச் குட்டை. தீயணைப்புத் துறை எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறான். நாங்கள் இன்னும் நண்பர்கள்தான், பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொள்வோம். அந்த வளைவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

5

இங்கே எதுவும் சாயங்காலத்தோடு முடியவில்லை. கோர்ட். அபராதம். குடிக்கு எதிரான வகுப்பு, வாரம் ஒரு நாள், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எனக்கு மகன் இருந்தால் அவன் வயசு இருக்கக்கூடியவர்களோடு. ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் இல்லை. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம், பதினான்கு வருஷத்து வாடிக்கைக்கு நன்றி சொல்லி, இனி உங்களுக்குக் காப்பீடு தருவதற்கில்லை என்று. கடிதம் என் பேருக்கும் சுகந்தி பேருக்கும் சேர்த்து வந்திருந்தது. அதை மடித்துச் சட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

சுகந்தியிடம் சொல்லவில்லை. மாமனாரின் மலஜலம் அள்ளிக்கொண்டிருப்பவளிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த நியாயம் நன்றாகவே வேலை செய்தது. காரை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்து ஆபீஸ் போனேன். மணிக்கு ஒரு பஸ். உக்கடத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்தது வரும், படியில் தொங்க இடம் இருக்காது. இங்கே அந்த நீளமான பஸ்ஸில் நானும் டிரைவரும் மட்டும்தான் பல நாள். ஒரு மாதம் கழித்துத்தான் அவர் குட்மார்னிங் சொன்னார். அன்றைக்கு நான் பேசிய ஒரே நேர்ப்பேச்சு அதுதான்.

வீடியோ காலில் சுகந்தி ஒரு நாள் கேட்டாள், "ஏனுங்க, ஜன்னல்ல பாத்தா வாசல்ல காரே காணமே?"

நான் இனியாவைப் பார்த்தேன். வெறுமனே பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேமராவைப் பார்த்து, "சர்வீஸ்ல இருக்குமா," என்றாள்.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள். இனியா சாதாரணமாக ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், தமிழை அவள் அம்மாவின் திட்டுகளிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொண்டாள். "இனிமே என்னை இப்படிப் பாக்காதீங்க அப்பா," என்றாள். "நான் பொய் சொல்ல மாட்டேன். அம்மா கேட்டா எழுந்து போயிருவேன்."

அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு அம்மா பேசும்போது இரண்டு நிமிஷம் நிற்பாள், படிக்க வேண்டும் என்று போய்விடுவாள். "பாப்பாவுக்கு என்னாச்சுங்க, மூஞ்சியே குடுத்துப் பேச மாட்டீங்கறா?" என்று சுகந்தி கேட்பாள். வயசு அப்படி என்பேன். அம்மாவையும் மகளையும் நடுவில் நின்று பிரித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரிந்தே.

6

ஆறு மாதம் முடிந்தது. கட்டுப்பாட்டோடு ஓட்ட லைசென்ஸ் தரலாம், ஆனால் எஸ்ஆர்-22 என்று ஒரு தாள் வேண்டும் என்றார்கள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி எனக்காக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற உறுதி அது: இந்த ஆளுக்குக் காப்பீடு இருக்கிறது, இவன் பணம் கட்டுவதை நிறுத்தினால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நம்மூரில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதுபோல. மூன்று வருஷத்துக்கு.

ஜாமீன் போட யாரும் வரவில்லை. கம்பெனி கம்பெனியாகப் போன் செய்தேன். எல்லாரும் இனிமையாகத்தான் பேச ஆரம்பிப்பார்கள். பேர், பிறந்த தேதி, காரின் வயசு என்று கேட்கக் கேட்க மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கும். கடந்த ஐந்து வருஷத்தில் குற்றம் ஏதாவது உண்டா? சொன்னதும் தட்டல் நின்றுபோகும். ஐம்பத்தோரு வயசு வரைக்கும் நான் சேர்த்த நல்ல பேர் எல்லாம் அந்தச் சத்தம் நிற்கிற இடத்தில் முடிந்தது.

ஒருவர் ஒரு ஏஜெண்டின் விலாசம் கொடுத்தார். ஜனவரியில், முழங்கால் பனியில் நடந்து போனேன். லாண்டரிக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே ஒரு சின்ன ஆபீஸ். டெனிஸ் என்று அறுபது வயசு அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு கட்டியிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "இங்கே வருகிற எல்லாரும் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். நீங்கள் ரொம்ப நேரம் நின்றீர்கள்," என்றார். பனி உருகி என் ஷூவைச் சுற்றிக் குளமாக நின்றது. ஒரு பழைய துண்டை எடுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் என் சங்கடத்துக்கு ஒருத்தர் துண்டு போட்டது அதுதான்.

கேள்விகள் ஆரம்பமாயின. உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் யோசிக்காமல், ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் 'ஊட்டுல' என்று கேட்டால் அது மனைவிதான், வீடு இல்லை. டெனிஸ் கேட்டது, அந்தக் கூரைக்குக் கீழே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று. விளக்கிச் சொன்னார். சுகந்திக்கு அதே விலாசத்தில் லைசென்ஸ் இருக்கிறது. அவளைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் காப்பீடு தர முடியாது. ஒரு படிவம் மின்னஞ்சலில் போகும், அதில் மூன்று கட்டங்கள். இந்த வீட்டில் வசிக்கிறேன், இந்தக் காரை ஓட்டுவேன். இந்த வீட்டில் வசிக்கிறேன், ஓட்ட மாட்டேன். இந்த வீட்டில் வசிக்கவில்லை. ஒன்றில் அவளே குறியிட்டு, அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தின் தலைப்பில் என் பேர் இருந்தது. அதற்குக் கீழே, போதையில் வாகனம் ஓட்டிய குற்றம் என்று இருந்தது.

"அவளுக்குப் பதிலாக நான் போடலாமா?" என்று கேட்டேன்.

டெனிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை," என்றார். "நானும் காதில் வாங்கவில்லை. எப்போது அனுப்பட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்."

நானே சொல்கிறேன், அதுவரை அனுப்ப வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

7

ஐந்து நாள் சொல்லவில்லை. ஆறாம் நாள் ஆரோக்கியராஜைக் கூப்பிட்டேன். ஏன் அவனை என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பண்டிகை எதுவும் இல்லாத நாளில் நான் கூப்பிட்டதும் பயந்துவிட்டான்.

"என்ன மாப்ள, யாருக்கு என்னடா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெக், விலங்கு, துண்டு, மூன்று கட்டம், எல்லாம். கடைசியில், "ஆரோக்கியம், அன்னிக்கு உக்கடத்துல..." என்று ஆரம்பித்தேன். அவனே எடுத்துக்கொண்டான்.

"உனக்கு ஒண்ணு தெரியுமாடா? எங்கம்மா என்னைக் கேட்டாங்க, அந்த நாய் என்ன நிறம்னு. நான் என்னத்தச் சொல்றது? செவலைன்னு சொல்லிட்டேன்."

"ம்."

"அப்பறம் சாகற வரைக்கும் எங்கம்மா ரோட்டுல செவலை நாயப் பாத்தா விடமாட்டாங்க. கோயிலுக்குப் போற வழியிலகூடக் கல்லெடுத்து எறிவாங்க. 'எம் பையன் கால ஒடச்ச சனியனே'ன்னு திட்டிட்டே எறிவாங்க. நான் பக்கத்துல நொண்டிட்டே நடந்து போவேன், ஒண்ணும் சொல்ல முடியாது. பாவம்டா அந்த நாயிக."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"மன்னிச்சிருடா," என்றேன். இருபத்தேழு வருஷம் கழித்து.

"விடு," என்றான். பிறகு, "விடுன்னு சொல்லிட்டேன், ஆனா நீ கேட்டது நல்லதுடா. அன்னிக்கே நான் உன்னக் கேக்காம விட்டதும் தப்புதான். அந்தப் புள்ளையப் பொய் சொல்ல வைக்காதே. நெறம் கேப்பாங்க, அதுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டி வரும். சுகந்திகிட்ட இன்னிக்கே சொல்லு," என்றான்.

8

மறுநாள் காலை எனக்கு ஆறரை, அவளுக்கு மாலை. மாமனாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடி, காத்திருக்கிறேன் என்றேன். என் குரலில் என்னவோ இருந்திருக்க வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

சொன்னேன். ஒரு படிவம் வரும் என்பதையும் சொன்னேன். நான் நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாப்பா கார்ல இருந்தாளா?"

"இல்ல. கூட்டிக்கத்தான் போயிட்டிருந்தேன்."

"எத்தன தூரம் இருந்துச்சு?"

"ரெண்டு சிக்னல்."

லைன் அப்படியே இருந்தது. மதுக்கரை வீட்டின் பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. மாமனார் என்னவோ குழறலாகக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்கப்பா," என்று அவரிடம் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

படிவத்தை அனுப்பிவிடச் சொல்லி டெனிஸுக்குப் போன் செய்தேன். மூன்று நாள் சுகந்தி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இனியாவோடு மட்டும் பேசினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு தடவை இனியா விசும்பி அழுவதும் கேட்டது. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று அந்த மூன்று நாளில் தெரிந்தது. ஆனாலும் ஏழு மாதமாக நான் அடைத்து வைத்திருந்த வாய்க்கால் திறந்து ஓடுகிறது என்று ஒரு ஆறுதலும் இருந்தது.

நான்காம் நாள் டெனிஸ் கூப்பிட்டார். படிவம் வந்துவிட்டது, உங்கள் மனைவி மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருக்கிறார், இது நமக்கு வசதி, கட்ட வேண்டிய தொகையும் குறையும் என்றார். குரலில் நிஜமான சந்தோஷம். நான் நன்றி சொன்னேன்.

இந்த வீட்டில் வசிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுகந்தி எடுத்தாள். "நான் பொய் எழுதலீங்க," என்றாள், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால். "பதினஞ்சு மாசமா நான் அங்க இல்ல. நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாது, என்ன ஏதுன்னு எங்கிட்டச் சொல்லவுமில்ல. இருக்கறதத்தான் எழுதுனேன்."

"தெரியும்."

"பொய்க்குக் கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்ல."

"எப்ப வர்றே?"

"அப்பா எந்திரிச்சு நடக்கட்டும்," என்றாள். பிறகு, "அது மட்டுமில்ல. எனக்கே தெரியலீங்க," என்றாள். "லீவு விட்டதும் பாப்பாவ இங்க அனுப்பி வைங்க."

9

காருக்குள் ஒரு கருவி பொருத்தினார்கள். கையளவு இருக்கும். அதில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் சாராயம் இருந்தால் கிளம்பாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் நடுநடுவே கூவும், அப்போதும் ஊத வேண்டும். இனியாவைப் பள்ளியில் இறக்கிவிடும் வரிசையில் ஒரு நாள் அது கூவியது. நான் ஊதி முடிக்கிற வரைக்கும் அவள் தலையைக் குனிந்து ஷூ லேஸ் கட்டினாள். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. என்னை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்த அதே பெண்மணி தன் மகளோடு இவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைகளில் ஜன்னலில் நின்று பார்ப்பேன். என் மகள் வேறொருத்தர் காரில், ஒவ்வொரு முனையிலும் முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் போவாள். ஒரு தடவை என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் அசைப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

பள்ளி விட்டதும் மதுக்கரைக்கு அனுப்பி வைத்தேன். ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன்னால் திரும்பி வந்து என் சட்டைப் பையில் இரண்டு பேட்டரியைப் போட்டாள். "ஸ்மோக் அலார்ம் கத்துது அப்பா, மாத்திருங்க," என்றாள். தமிழில் சொன்னாள், ஆனால் கோபத்தில் இல்லை.

அங்கே போய் அவள் அம்மாவிடம் அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போன் வந்தது. சுகந்தி.

"ஊதிட்டீங்களா?"

"இப்பத்தான் ஊதுனேன்."

"என்ன சொல்லுச்சு?"

"எடுக்கலாம்னு சொல்லுச்சு."

"செரி. பாத்துப் போங்க."

வைத்துவிட்டாள். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. ஆபீஸ் இருக்கும் நாளெல்லாம் கூப்பிடுகிறாள். அரை நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. மாமனார் எப்படி என்று கேட்டால், இருக்கார் என்பாள். சனி, ஞாயிறு கூப்பிடுவதில்லை. அந்த இரண்டு நாளும் வீடு அப்படியே மரத்துப்போன கால் மாதிரிக் கிடக்கும்.

நேற்று ஞாயிறு, நான் பிடிபட்டு ஒரு வருஷம் ஆன நாள். காலையில் எழுந்து பல் துலக்கி, சட்டையைப் போட்டுக்கொண்டு, போய்க் காரில் உட்கார்ந்தேன். எங்கும் போவதற்கில்லை. ஊதினேன். பச்சை வந்தது. இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"ஊதிட்டீங்களா?" என்றாள்.

"ஊதிட்டேன். எடுக்கலாம்னு சொல்லுச்சு."

"ஞாயித்துக்கிழமைல எங்கீங்க போறீங்க?"

"எங்கியும் போகல."

"அப்பறம் எதுக்கு ஊதுனீங்க?"

"ஒருவேளை நீ கேட்டா, சொல்லணுமேன்னு."

அரை நிமிஷம் தாண்டியும் அவள் போனை வைக்கவில்லை.